வேலையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் வசதி கேட்டு வாங்குவது எப்படி?

அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4% இட ஒதுக்கீடு உண்டு என்பது ஊருக்கே தெரியும். வயது வரம்பில் 10 ஆண்டு தளர்வு, டிஎன்பிஎஸ்சி தேர்வுக் கட்டண விலக்கு, தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், இதெல்லாம் கோச்சிங் சென்டரிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் வேலையில் சேர்ந்த மறுநாளிலிருந்து நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாம் மாடியில் சீட், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரால் படிக்கவே முடியாத சுற்றறிக்கை, யார் பேசுகிறார்கள் என்றே தெரியாத மாதாந்திரக் கூட்டம், சக்கர நாற்காலி நுழையாத கழிப்பறை. தண்ணீர் குடித்தால் கழிப்பறை போக வேண்டியிருக்கும் என்று காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமலே வேலை பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். இதைப் பொறுத்துக்கொள்ளும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாற்றவேண்டிய கடமை அலுவலகத்துக்கு இருக்கிறது என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 தெளிவாகச் சொல்கிறது. அது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்தக் கட்டுரை தமிழ்நாட்டில் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கானது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, வங்கி, மின்வாரியம், தனியார் கம்பெனி, எதுவானாலும் சரி. எல்லோருக்கும் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: வாயால் கேட்டது கேட்டதாகவே ஆகாது. "சார்கிட்ட சொல்லியிருக்கேன், பார்க்கலாம்னாரு" என்பதோடு நின்றுபோன கோரிக்கைகள்தான் அதிகம். அந்த சார் மாற்றலாகிப் போனதும் புதிதாக வந்தவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் அது கோப்பில் ஏறும், கோப்பில் ஏறியதற்கு யாராவது பதில் எழுதியாக வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

யுடிஐடி, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இல்லாதவர்கள் முதலில் அதை வாங்கிவிடுங்கள். ஸ்வாவலம்பன் கார்டு என்ற மத்திய அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனை மருத்துவக் குழுவின் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். அட்டையில் வெள்ளைப் பட்டை 40 விழுக்காட்டுக்குக் கீழே, மஞ்சள் 40 முதல் 79 வரை, நீலம் 80-ம் அதற்கு மேலும். இணையத்தில் விண்ணப்பிக்கத் தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகலாம், பெரும்பாலும் கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும். தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் திறக்கப்பட்டிருக்கும் 'விழுதுகள்' சேவை மையம் உங்கள் பகுதியில் இருந்தால் அங்கேயும் கேட்கலாம்.

நம் ஊரில் இதில் வரும் பெரிய தலைவலி இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் பின்னால், பணிப்பதிவேட்டில் ஒற்றை எழுத்து முன்னால், பான் கார்டில் முழுப் பெயராக விரிந்து வேறு மாதிரி. யுடிஐடி-க்கு விண்ணப்பிக்கும்போதே ஆதாரில் உள்ளபடி எழுதுங்கள், பணிப்பதிவேட்டில் உள்ள பெயர் வேறு மாதிரி இருந்தால் இருவரும் ஒருவரே என்று அலுவலகத்திலிருந்தே ஒரு சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் படி கேட்கும்போதும் வரிக்கழிவு கேட்கும்போதும் இந்த ஒரு எழுத்தைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள்.

அட்டை வந்ததும் அதன் நகலைக் கொடுத்துப் பணிப்பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். பதிந்த பக்கத்தைக் கண்ணால் பாருங்கள், அல்லது நம்பகமான ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பலர் தப்பாகப் புரிந்துவைத்திருக்கும் ஒன்று: 40% இருந்தால்தான் எதையும் கேட்கலாம் என்பது. இட ஒதுக்கீட்டுக்கும் வரிக்கழிவுக்கும் 40% வேண்டும், சரி. ஆனால் வேலை செய்யத் தேவையான வசதியைக் கேட்க அந்தக் கணக்கு கிடையாது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் எதிர் யுபிஎஸ்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் உள்ளவர் அவர். 40% இல்லை என்று சொல்லித் தேர்வில் எழுத்தர் உதவியை மறுத்தார்கள், அந்த மறுப்பு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஒவ்வொருவருக்கும் என்ன தேவை என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் உயிர்.

அதேபோல, மாற்றுத்திறனாளி என்றாலே கைகால், கண், காது என்று நினைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. 1995 சட்டத்தில் 7 வகைதான் இருந்தன. இப்போது 21. ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய், பார்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், ஆசிட் வீச்சால் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் பட்டியலில் இருக்கிறார்கள். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கு அலுவலகத்தில் இரட்டைச் சுமை, வலியும் பட வேண்டும், வலி உண்மை என்று நிரூபித்துக்கொண்டும் இருக்க வேண்டும். உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்தால் தயவுசெய்து சான்று வாங்கிவிடுங்கள்.

மனு எழுதும் விதம்

நீளமாக எழுத வேண்டாம். குடும்பக் கஷ்டம், கருணை, 'தாழ்மையுடன் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்' எதுவும் வேண்டாம். என்ன வேலை செய்கிறீர்கள், அதில் எந்த இடத்தில் தடை, என்ன செய்தால் தடை நீங்கும், எந்தச் சட்டப் பிரிவு, எப்போதுக்குள் பதில் வேண்டும். ஒரு பக்கம் போதும். அரசு அலுவலகம் என்றால் இப்படி எழுதலாம்:

"பொருள்: பணியிடத்தில் வசதி செய்து தரக் கோருதல். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 20(2).

ஐயா / அம்மா, நான் இவ்வலுவலகத்தில் இளநிலை உதவியாளராகப் பணிபுரிகிறேன். எனக்கு 60% கால் இயக்கக் குறைபாடு உள்ளது (யுடிஐடி அட்டை நகல் இணைப்பு). எனது பிரிவு இரண்டாம் தளத்தில் உள்ளது, மின்தூக்கி இல்லை. கோப்புகளுக்காக ஒரு நாளில் பலமுறை மாடி ஏறி இறங்க வேண்டியுள்ளதால் பணி பாதிக்கப்படுகிறது. எனது இருக்கையைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தரவும், தரைத்தளக் கழிப்பறையில் கைப்பிடி பொருத்தித் தரவும் கேட்டுக்கொள்கிறேன். மேற்படி சட்டப் பிரிவின்படி இவ்வசதிகளைச் செய்து தருவது அலுவலகத்தின் கடமையாகும். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் அளிக்க வேண்டுகிறேன்."

அவ்வளவுதான். 'பணி பாதிக்கப்படுகிறது' என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். உங்கள் சிரமத்தைப் பார்த்து இரக்கப்படுகிற அதிகாரியும் உண்டு, படாத அதிகாரியும் உண்டு. ஆனால் வேலை தடைபடுகிறது என்று எழுத்தில் வந்துவிட்டால் யாராலும் அதை ஓரமாக வைக்க முடியாது. 15 நாள் என்பது சட்டத்தில் உள்ள கெடு அல்ல, நாம் கேட்கிற கெடு. கெடு இல்லாத மனு அலமாரிக்குத்தான் போகும்.

மனுவை நேராக அதிகாரி மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் வைக்கத் தயங்கினால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் இன்னும் நல்லது, தேதியும் நேரமும் தானாகவே பதிவாகிவிடும்.

என்ன கேட்கலாம்

சட்டம் ரீசனபிள் அக்காமடேஷன் என்று சொல்வதைச் சுருக்கமாகச் சொன்னால், வேலையை நீங்கள் செய்வதற்காக அலுவலகம் செய்ய வேண்டிய மாற்றம், அலுவலகத்தால் தாங்கவே முடியாத சுமையாக அது இருக்கக்கூடாது. பட்டியல் எதுவும் சட்டத்தில் கிடையாது, அது நமக்கு நல்லது.

கண் தெரியாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. பழைய கோப்புகளும் பல அலுவலகக் கடிதங்களும் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. திரையில் பார்ப்பவருக்கு அழகான தமிழ். என்விடிஏ போன்ற ஸ்கிரீன் ரீடருக்கோ அது வெறும் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும், ஆகவே அது பொருளில்லாமல் எதையோ உளறிக்கொண்டே போகும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அதுவும் இல்லை, மௌனம்தான். எனவே 'கணினி வேண்டும்' என்று மட்டும் கேட்டால் போதாது. எனக்கு வரும் கடிதங்கள், சுற்றறிக்கைகள் யூனிகோட் தமிழில், எழுத்து வடிவக் கோப்பாக வர வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். இதற்கு அலுவலகத்துக்கு ஒரு பைசா செலவில்லை. என்விடிஏ இலவச மென்பொருள், அதனால் 'நிதி ஒதுக்கீடு இல்லை' என்ற பதிலுக்கும் இடமில்லை. அலுவலகக் கணினியில் அதை நிறுவ அட்மின் அனுமதி வேண்டும் என்பதையும் மனுவிலேயே சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அனுமதிக்காக இன்னொரு முறை அலைய வேண்டிவரும்.

காது கேளாதவர்கள் கூட்டங்களுக்கு முன்பே பொருள் நிரலை எழுத்தில் கேட்கலாம், கூட்டம் முடிந்ததும் முடிவுகளை எழுத்தில் கேட்கலாம், சைகை மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். ஜூம், டீம்ஸ் கூட்டம் என்றால் கேப்ஷனை இயக்கச் சொல்லலாம். போனில் பேசியே ஆகவேண்டிய சீட்டிலிருந்து எழுத்து வேலை உள்ள சீட்டுக்கு மாற்றம் கேட்கலாம். ஆனால் மாற்றம் கேட்கும்போது ஒரு கவனம் வேண்டும்: 'ஏதாவது சுலபமான வேலை' என்று எழுதிவிடாதீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு முக்கியமான கோப்புகளே வராத மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள், பதவி உயர்வு வரும்போது அனுபவம் இல்லை என்பார்கள். ஊனத்தைக் காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது என்று பிரிவு 20(3) சொல்கிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாய்தளம் கேட்பவர்கள் அளவோடு கேளுங்கள். அளவு சொல்லாவிட்டால் இரண்டு மூட்டை சிமெண்டைக் கொட்டி ஒரு சறுக்கு மரம் கட்டிவிடுவார்கள். 1-க்கு 12 என்பது விதி, அதாவது 15 செ.மீ. உயரப் படிக்கு 180 செ.மீ. நீளச் சாய்தளம். மூன்று படி என்றால் 45 செ.மீ. உயரம், கிட்டத்தட்ட ஐந்தரை மீட்டர் நீளம் வரும். இடம் போதாவிட்டால் திருப்பம் வைத்துக் கட்டலாம். கதவு முழுதாகத் திறந்தபின் 90 செ.மீ. வழி இருக்க வேண்டும். கழிப்பறைக் கதவு உள்பக்கம் திறந்தால் சக்கர நாற்காலி உள்ளே போன பிறகு கதவை மூடவே முடியாது, வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றச் சொல்லுங்கள். மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டு நெறிமுறைகளில் அளவுகள் எல்லாம் விரிவாக இருக்கின்றன, பொதுப்பணித் துறைப் பொறியாளரிடம் பேசும்போது அதைக் காட்டலாம்.

மனநலப் பாதிப்பு, நாள்பட்ட நோய் உள்ளவர்கள் பொருள் எதையும் கேட்க வேண்டியிருக்காது, நேரம்தான் வேண்டியிருக்கும். மருந்தின் காரணமாகக் காலையில் தாமதமாக வர அனுமதி, இரவுப் பணியிலிருந்து விலக்கு, ரத்தம் ஏற்றும் நாட்களில் வேலைமுறை மாற்றம், நடுவே சிறு ஓய்வு. மருத்துவரிடம் கடிதம் வாங்கும்போது நோயின் பெயரையும் மருந்துப் பட்டியலையும் மட்டும் எழுதி வாங்காதீர்கள், 'இவருக்கு இன்ன ஏற்பாடு தேவை' என்று எழுதச் சொல்லுங்கள். மனநோயால் ஏற்பட்ட நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுத்த வழக்கு ஒன்றில், ரவீந்தர் குமார் தரிவால் எதிர் இந்திய ஒன்றியம், 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஊழியர் பக்கம் நின்றது. நடத்தைக்கு ஊனம் மட்டுமே காரணம் என்று நிரூபிக்கத் தேவையில்லை, அதுவும் ஒரு காரணமாக இருந்தாலே போதும் என்றது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு இன்னும் சில உண்டு. போக்குவரத்துப் படி இரு மடங்கு, குறைபாடு சார்ந்த தேவைகளுக்காக ஆண்டுக்கு 4 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு, மாற்றுத்திறனாளித் தாய்மார்களுக்குக் குழந்தை பராமரிப்புக்கான தனிப் படி, சுழற்சி இடமாற்றத்திலிருந்து கூடியவரை விலக்கு. மாற்றுத்திறனாளிப் பிள்ளையைக் கவனித்துக்கொள்ளும் ஊழியரும் இடமாற்ற விலக்கு கேட்கலாம், இது நிறையப் பெற்றோருக்குத் தெரிவதில்லை. மாநில அரசு ஊழியர்களுக்கும் ஊர்திப்படி தனியாக உண்டு, அது தானாக வராது, விண்ணப்பித்தால்தான் சம்பளப் பட்டியலில் ஏறும்.

வேலையில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து வீட்டில் உள்ளவர்களையும் படிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் இந்த நிலை வரும்போது நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பீர்கள், அலுவலகத்தோடு பேசப்போவது அவர்கள்தான்.

விபத்தில் கால் போய்விடுகிறது, பக்கவாதம் வருகிறது, சர்க்கரை நோயில் பார்வை போகிறது. இரண்டு மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து தெரிந்தவர்கள் வருவார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்கள்: "இனி எப்படி வேலைக்கு வருவீங்க, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்திடுங்க. மருத்துவக் காரணத்துல ஓய்வுன்னா பிள்ளைக்காவது வேலை கேட்கலாம்." குழம்பிப்போன குடும்பம் கையெழுத்துப் போட்டுவிடும். போடாதீர்கள். வாரிசு வேலைக்கு வயது, பதவி, காலியிடம் என்று ஏகப்பட்ட நிபந்தனைகள், காத்திருப்புப் பட்டியல் வேறு. கையில் இருக்கும் சம்பளத்தை விட்டுவிட்டு அதை நம்பி இறங்குவது பெரிய ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், பிரிவு 20(4): பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவும் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில், அதே பணிப் பலன்களோடு வேறு பணியிடத்துக்கு மாற்ற வேண்டும். அப்படிப் பணியிடம் எதுவும் இல்லையென்றால், கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ, எது முன்னால் வருகிறதோ அதுவரை, கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். 'அரசு நிறுவனம்' என்பதில் போக்குவரத்துக் கழகம், மின்வாரியம், உள்ளாட்சி, பொதுத்துறை வங்கி, அரசு உதவி பெறும் பள்ளி கல்லூரிகள் எல்லாமே அடங்கும். உதவி பெறும் பள்ளி நிர்வாகங்கள் 'நாங்கள் தனியார்' என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். (ராணுவம் சார்ந்த, காவல் படை சார்ந்த களப் பணியாளர்கள் மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள், 2021-ல் மத்திய அரசு சில படைப் பிரிவுகளுக்கு இந்தப் பிரிவிலிருந்து விலக்கு கொடுத்தது.)

இது புதிய சலுகையும் இல்லை. 1995 சட்டத்திலேயே 47-ஆம் பிரிவாக இருந்தது. கால் துண்டிக்கப்பட்ட காவலர் குணால் சிங் வழக்கில், ஊனமுற்றோர் ஓய்வூதியம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொல்லிவிட்டது.

எனவே செய்ய வேண்டியது: மருத்துவ விடுப்பைத் தொடர்ந்து எழுத்தில் நீட்டியுங்கள், ஒரு நாள்கூட அனுமதியில்லாமல் வராதது என்ற கணக்கில் விழக் கூடாது. உடல் ஓரளவு தேறியதும் மருத்துவக் குழுவுக்கு அனுப்பக் கேளுங்கள். அங்கே 'பணிக்குத் தகுதியற்றவர்' என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், எந்த வகை வேலை செய்ய முடியும் என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் வேலைக்குத் தகுதியில்லாத ஒருவர் டிப்போவில் நேரக்காப்பாளராக இருக்கலாம். பிறகு 20(4)-ஐக் குறிப்பிட்டு மாற்றுப் பணி கேட்டு மனு. அந்தக் காலத்துக்கான சம்பளத்தையும் அதே மனுவில் கேளுங்கள்.

தமிழ்நாட்டுக்காரர்கள் மேற்கோள் காட்ட வேண்டிய தீர்ப்பு ஒன்று. நிறக்குருடு உள்ள ஒருவரை உதவிப் பொறியாளர் பணிக்கு எடுக்க மின்வாரியம் மறுத்தது, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2023 அக்டோபரில் முடிந்தது. நிறக்குருடு அந்த 21 வகைப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் அவரால் எந்த வேலையைச் செய்ய முடியும் என்று பார்த்து ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்று சொல்லி, வேலை கொடுக்க உத்தரவிட்டது நீதிமன்றம்.

தனியார் கம்பெனியில் இருப்பவர்களுக்கு

உண்மையைச் சொன்னால் இங்கே சட்டத்தின் பிடி கொஞ்சம் தளர்வுதான். 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டும். இட ஒதுக்கீடும் கிடையாது, 5% மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு வைத்தால் ஊக்கத்தொகை தரலாம் என்று 35-ஆம் பிரிவு அரசுக்குச் சொல்கிறது, அவ்வளவே. ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிக்கு எதிராகப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது பிரிவு 3. பாகுபாடு என்றால் என்ன என்று விளக்கும் பிரிவு 2(எச்), தேவையான வசதியைச் செய்து தர மறுப்பதே பாகுபாடுதான் என்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

அப்புறம் 21-ஆம் பிரிவு. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும், அதை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடமென்றால் என்னென்ன வசதிகள், என்னென்ன உதவிக் கருவிகள், யார் தொடர்பு அலுவலர் என்பதெல்லாம் அந்தக் கொள்கையில் இருக்க வேண்டும். எச்ஆரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்தக் கொள்கையின் நகல். இருந்தால் அதில் உள்ள வரியைக் காட்டியே கேட்கலாம். இல்லையென்றால், இல்லை என்று அவர்கள் அனுப்பும் மின்னஞ்சலே உங்களுக்கு ஆதாரம். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, திரும்பவும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம் என்று 89-ஆம் பிரிவு சொல்கிறது. முதல் கடிதத்திலேயே அதைப் போட்டு மிரட்ட வேண்டாம், இரண்டாவது கடிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதும் இஎஸ்ஐ-யிலிருந்து பெயரை எடுத்துவிடுவது கம்பெனிகளின் வழக்கம். மாற்றுத்திறனாளி ஊழியருக்கு அந்த வரம்பு 25,000. பல கம்பெனிகளின் கணக்குப் பிரிவுக்கே இது தெரிவதில்லை, சம்பள உயர்வு வரும் மாதத்தில் யுடிஐடி நகலோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். தொடர் சிகிச்சை தேவைப்படுபவருக்கு இஎஸ்ஐ கைவிட்டுப் போவது சின்ன விஷயம் இல்லை.

போக்குவரத்தும் வரியும்

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்லும் துணைக்கும் 2021 முதல் கட்டணம் கிடையாது. கால் பாதிக்கப்பட்டு, கைகள் நன்றாக இயங்குகிறவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை மாநில அரசு இலவசமாகத் தருகிறது. வேலைக்குப் போகிறவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம், மாவட்ட நல அலுவலகத்தில் பணிச்சான்றோடு கேளுங்கள்.

வருமான வரியில் 80யு என்று பழக்கமான கழிவு 75,000 ரூபாய், கடுமையான ஊனம், அதாவது 80 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. பழைய வரி முறையில் மட்டும்தான் இது. புதிய முறையா பழைய முறையா என்று அலுவலகத்தில் கேட்கும்போது மற்றவர்கள் சொல்வதைப் பார்த்து டிக் அடிக்காமல் இரண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பார்வை, செவி, கைகால் குறைபாடு உள்ளவர்களுக்கு வேலைக்குப் போய்வரத் தரப்படும் படிக்குத் தனி விலக்கு உண்டு, அது புதிய முறையிலும் உண்டு. ஆனால் சம்பளச் சீட்டில் போக்குவரத்துப் படி என்று தனி வரியாக அது இருக்க வேண்டும்.

பதில் வராவிட்டால்

15 நாள் கழிந்தும் பதில் இல்லையென்றால் முதல் மனுவின் தேதியைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல் கொடுங்கள். ஒன்று போதும், நினைவூட்டலாகவே எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

அரசு அலுவலகத்தில் 23-ஆம் பிரிவின்படி குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும். அவரிடம் எழுத்தில் புகார் கொடுத்தால் பதிவேட்டில் ஏற்றி இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். யார் அந்த அலுவலர் என்றே உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம், நிறைய இடங்களில் அதுதான் நிலைமை. அப்படியானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: 23-ஆம் பிரிவின்படி நியமிக்கப்பட்டவரின் பெயர், பதவி, நியமன ஆணை நகல், புகார்ப் பதிவேட்டின் நகல். இந்த மனு போன பிறகுதான் பல அலுவலகங்கள் ஆளையே நியமிக்கின்றன. அவர் தீர்வில் திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். அங்கே மனு எண் கிடைக்கும், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கேட்கலாம்.

அடுத்தது ஆணையர். மாநில அரசுத் துறைகளுக்கும் இங்குள்ள தனியார் நிறுவனங்களுக்கும் சென்னையில் உள்ள மாநில ஆணையர். ரயில்வே, தேசிய வங்கிகள், மத்திய அரசு அலுவலகங்கள் என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையர், அவருக்கு இணையத்திலேயே புகார் செய்யலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணம் இல்லை. ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் ஆணையருக்கு உண்டு. அவர் பரிந்துரை அனுப்பினால் நிறுவனம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும், ஏற்கவில்லை என்றால் காரணத்தை அதே மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும். புகாரோடு சீல் வைத்த மனு நகல், நினைவூட்டல், ரசீதுகள், யுடிஐடி நகல், முடிந்தால் படிக்கட்டின், கழிப்பறையின் புகைப்படங்கள். எல்லாம் தேதி வரிசையில் இருக்கட்டும்.

ஊனத்தைச் சொல்லி எல்லோர் முன்னாலும் வேண்டுமென்றே இழிவுபடுத்தினார்கள் என்றால் அது வேறு கணக்கு. 92-ஆம் பிரிவின்படி அது குற்றம், 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. அதற்குப் போக வேண்டிய இடம் காவல் நிலையம். என்ன சொன்னார்கள், எப்போது, யார் யார் இருந்தார்கள் என்பதை அன்றைக்கே எழுதி, உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து யோசித்தால் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதுகூட மறந்துவிடும், சாட்சி சொல்வதாகச் சொன்னவர்களுக்கும் அது மறந்துவிடும்.